அனுபவம் வேண்டுமென்றால் வேலை கொடுங்கள்: பல்கலைக்கழக மருத்துவ மைய நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட செவிலியர் பணி அறிவிப்புதான் இந்த மடலை எழுத வைத்தது. "இரண்டு ஆண்டு அனுபவம் கட்டாயம்" என்று இம்முறையும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மையத்தில் புதிதாகச் செவிலியர் படிப்பை முடித்த எங்களுக்காக இந்த நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு நாங்கள் கொடுத்த மனு உங்களிடம் இருக்கிறது. அதிலுள்ளதை முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

இணைய விண்ணப்பத்தில் பணி அனுபவம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று நிரப்பினால் அடுத்த பக்கம் திறப்பதில்லை. "தகுதி இல்லை" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. நான் பயிற்சி பெற்றது உங்கள் வார்டுகளில்தான். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்களின் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இரவெல்லாம் குறித்து வைத்ததும், விடிந்ததும் ஒவ்வொரு படுக்கையாக நின்று அடுத்த பணிக்கு வந்தவர்களிடம் நோயாளிகளை ஒப்படைத்ததும் இங்கேதான். என் பயிற்சிப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் மூத்த செவிலியர்களின் கையொப்பம் இருக்கிறது. இதெல்லாம் கணக்கில் வராது என்றால், நீங்கள் கொடுத்த பயிற்சியை நீங்களே நம்பவில்லை என்றுதானே பொருள்? கற்றுக்கொடுத்த இடமே கதவைச் சாத்தினால் வேறு எந்த மருத்துவமனை எங்களைச் சேர்த்துக்கொள்ளும்?

நாங்கள் கேட்பது இதுதான்: புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கென்று பணியிடங்களை ஒதுக்குங்கள். மூத்த செவிலியரின் மேற்பார்வையில் ஓராண்டு, ஊதியத்துடன். அமெரிக்காவில் பல பல்கலைக்கழக மருத்துவ மையங்கள் புதியவர்களை இப்படித்தான் பணிக்குப் பழக்குகின்றன.

ஆள் தேவையில்லை என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள். உலகில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கணக்கிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்பது பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான முடிவு. இதை எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்கள் உங்கள் பேராசிரியர்களே. அப்படியிருக்க, காலியிடங்களை நிரப்பாமல், இருக்கும் செவிலியர்களையே இரட்டைப் பணி பார்க்க வைக்கிறீர்கள். அவர்கள் களைத்துப் போய் விலகியதும் குறுகிய கால ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்துக்கும் அனுபவம் கேட்கிறீர்கள்! எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன என்பதைக்கூட வெளியே சொல்வதில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு இல்லை என்றாவது ஒரு வரி பதில் போடலாம், அதுவும் கிடையாது.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அறிவிப்புக்கான கடைசி நாள் முடிவதற்குள் அனுபவ நிபந்தனையைத் தளர்த்தி, புதியவர்களுக்கான இடங்கள் எத்தனை என்று குறிப்பிட்டு, திருத்திய அறிவிப்பை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தில் பயின்ற செவிலியர் பட்டதாரி