பொடக்காலியில் ஒரு கோய் குளம்: நம் தெருவாருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள தெருவாசிகளுக்கு வணக்கம்.

சங்கக் கட்டடத்துக்குப் பின்னால், துவைகல்லுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் சும்மா கிடக்கும் இடத்தை எல்லோருக்கும் தெரியும். உடைந்த நாற்காலி, பந்தல் மூங்கில், யாரோ கொண்டுவந்து சாய்த்து வைத்த பழைய சிங்க் எல்லாம் சேர்ந்து, பூச்சி பொட்டுக்குப் பயந்து பிள்ளைகளை அந்தப் பக்கமே விடுவதில்லை. அங்கே சின்னதாக ஒரு கோய் மீன் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) குளம் கட்டலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. அதற்கு நிதி கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

இது அத்தியாவசியச் செலவு இல்லை. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மாநகராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம், அதற்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வர மாட்டோம். குளம் நாமாக ஆசைப்பட்டுச் செய்வது. அதனால்தான் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அருவி, நீரூற்று, வண்ண விளக்கு எல்லாம் சேர்த்து சிமெண்ட் தொட்டி கட்டித்தர ஓர் ஒப்பந்ததாரர் ரூ.2.4 லட்சம் கேட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தில் வடிகட்டிக்கு இடமே இல்லை, ஆழமும் இரண்டடிதான். அழகாபுரத்து ஏப்ரல் வெயிலில் இரண்டடித் தண்ணீர் மத்தியானத்துக்குள் வெந்நீராகிவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். அதனால் நாங்கள் போட்டிருப்பது வேறு கணக்கு: 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம், மொத்தச் செலவு ரூ.80,000.

நான்கடியும் தோண்டப் போவதில்லை. சோதனைக்குக் குழி எடுத்தபோது இரண்டடிக்குக் கீழே கடப்பாறை 'ணங்'கென்று நின்றது, சுக்கான் பாறை. அதை உடைக்க ஆள் கூலி கொடுத்தால் பட்ஜெட்டில் பாதி அங்கேயே போய்விடும். ஆகவே இரண்டடி பள்ளம், மேலே இரண்டடிக்கு சாலிட் பிளாக் சுவர். இதில் வேறு லாபங்களும் உண்டு. மழை வெள்ளம் சேறோடு குளத்தில் இறங்காது, நடை பழகும் குழந்தை தடுக்கி விழாது, சுவர் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். தண்ணீருக்கு மேல் இரும்புக் கம்பி வலையும் போடுகிறோம். கொக்கும் மீன்கொத்தியும் தெருவுக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

உள்ளே சிமெண்ட் பூச்சு கிடையாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், வெயிலில் விரிசலும் விடும். பண்ணைக் குட்டைக்கு விவசாயிகள் விரிக்கும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட்தான் விரிக்கப் போகிறோம். குளத்தின் நீளத்தோடும் அகலத்தோடும் இரண்டு மடங்கு ஆழத்தையும், ஓரத்துக்கு இரண்டடியையும் சேர்த்தால் 22-க்கு 18 அடி வருகிறது. அடியில் மணல், அதன்மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர், பிறகு ஷீட். கல் முனை குத்தாமலிருக்க ஃபிளெக்ஸை மிஞ்சி ஒன்றும் கிடையாது, நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

அப்புறம் வடிகட்டி. இதில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டோம். மீன் கழிவிலிருந்தும் மிச்ச தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பளிங்குபோல இருக்கும்போதே மீன் செத்து மிதக்கும். அந்த அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லாதது, செடிக்கு உரமும்கூட. இந்தப் பாக்டீரியா குடியிருக்க இடம் வேண்டும். 200 லிட்டர் நீல டிரம் இரண்டு, முதலாவதில் அழுக்கைப் பிடிக்க பிரஷ், இரண்டாவதில் பழைய மீன் வலையும் பிளாஸ்டிக் மூடிகளும். கடையில் விற்கும் வடிகட்டியின் விலையில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது. பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும் என்பதால், தண்ணீர் விட்ட மறுநாளே மீன் எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம்.

குளம் ஏறக்குறைய 10,800 லிட்டர் பிடிக்கும். கோய் வளர்ந்தால் இரண்டடி வரை போகும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வருடத்துக்கு மேலும் இருக்கும். ஒரு மீனுக்கு ஆயிரம் லிட்டர் என்று வைத்து, மொத்தம் பத்து மீன்தான் விடுவோம். முதலில் ஐந்து, தண்ணீர் சோதனை சரியாக இருந்தால் மீதி ஐந்து. கடைத் தொட்டியில் விரல் நீளத்தில் பார்த்துவிட்டு "நாற்பது விடலாமே" என்று சிலர் சொன்னார்கள். ஜப்பானின் நிகாட்டா மலைக் கிராமங்களில் சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டையிலிருந்து வந்த இனம் இது. 1914-ல் டோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. ஜப்பான் மீன் நமக்குக் கட்டுப்படியாகாது. சென்னை கொளத்தூரில் கிடைக்கும் உள்நாட்டுக் குஞ்சுகளே போதும். மீனுக்கு ஒதுக்கியிருப்பது ரூ.2,500தான், மொத்தத்தில் அதுதான் சின்னத் தொகைகளில் ஒன்று.

தண்ணீர் பற்றிக் கேட்டவர்கள் நிறைய. நியாயமான கேள்வி. குடிக்க வரும் மேட்டூர்த் தண்ணீரில் ஒரு குடம்கூடக் குளத்துக்குப் போகாது, அதில் குளோரின் இருப்பதால் மீனுக்கும் ஆகாது. சங்கத்தின் போர் தண்ணீர்தான். கோடையில் ஆவியாவது நாளுக்கு 50, 60 லிட்டர். வாரம் ஆயிரம் லிட்டர் மாற்ற வேண்டும், அந்தத் தண்ணீர் அப்படியே வாழைக்கும் தென்னைக்கும் போகும். இப்போது அந்த மரங்களுக்கு விடுவதும் அதே போர் தண்ணீர்தானே. மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரும் கை கொடுக்கும். 800 சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் 1,800 லிட்டர் சேரும்.

கொசு வருமா? ஓடும் தண்ணீரில், அதுவும் மீன் இருக்கும் குளத்தில் புழு தங்காது. சந்தேகமெல்லாம் டிரம் மீதுதான். அதனால் இரண்டு டிரம்முக்கும் வலை கட்டிய மூடி.

மின்சாரத்துக்கு, மணிக்கு 6,000 லிட்டர் தள்ளும் 60 வாட் பம்பு. இரவும் பகலும் ஓடினால் மாதம் 43 யூனிட் வரும், அதைச் சங்கச் சந்தாவிலிருந்து கட்டுவோம். கரண்ட் போனால் ஓட பேட்டரியில் ஒரு ஏர் பம்பும் உண்டு. தண்ணீர் பக்கத்தில் கரண்ட் என்பதால் ஷாக் அடித்தால் தானே கட்டாகும் சுவிட்சோடு தனி லைன் இழுக்கிறோம்.

கையிருப்பு ரூ.27,000 இருக்கிறது, பொங்கல் விழா மிச்சமும் பழைய இரும்பு விற்ற பணமும். இன்னும் ரூ.53,000 வேண்டும். வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்பது எங்கள் கணிப்பு, கட்டாயம் இல்லை. நூறு கொடுத்தாலும் ரசீது உண்டு. வாடகைக்கு இருப்பவர்களும் தயங்க வேண்டாம், குளம் வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் ஒட்டப் போவதில்லை, 'உபயம்' என்று கல்லும் பதிக்க மாட்டோம். செலவுக் கணக்கு மட்டும் மாதா மாதம் அறிவிப்புப் பலகையில் இருக்கும். பணம் குறைந்தால் வெயிலுக்குப் போட நினைத்திருக்கும் நிழல் வலையையும் இரண்டாவது தவணை மீனையும் தள்ளிப்போடுவோம், வடிகட்டியையும் ஆழத்தையும் அல்ல. மிஞ்சினால் அடுத்த வருடத் தீனிக்கு.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. கிழியாத ஃபிளெக்ஸ், பி.வி.சி. பைப் துண்டு, பிளாஸ்டிக் மூடி எதுவானாலும் வாங்கிக்கொள்வோம். டிரம் மட்டும் மருந்தோ ஆசிட்டோ சாயமோ வைக்காததாக இருக்கட்டும். எலக்ட்ரீஷியன் வேலை, கொத்து வேலை தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூலி மிச்சம், சாயங்காலம் தட்டுவடை செட் சங்கச் செலவு.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்த கையோடு ஆவணியில் தோண்ட ஆரம்பித்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஷீட் விரித்துவிடலாம், கார்த்திகையில் மீன். ஆகவே ஆடி 18-க்குள் தொகையைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் சங்கத்தில் இருப்பார். வரைபடமும் கொட்டேஷன்களும் அங்கேயே மேஜையில் இருக்கின்றன, யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறோம்: பொரியும் பிஸ்கட்டும் போட அனுமதி இல்லை. கோய்க்கு இரைப்பையே கிடையாது, அஞ்சு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான் தீனி. தீனி போடும் முறை பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வீடாக வரும். விருப்பமுள்ளவர்கள் நன்கொடை கொடுக்கும்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குளம் அமைப்புக் குழு,
குடியிருப்போர் நலச் சங்கம், அழகாபுரம், சேலம்