எடையைப் பார்க்கும் முன் இதையும் கேளுங்கள், டாக்டர்

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

வணக்கம். குடும்ப மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள், சர்க்கரை நோய் மருத்துவர்கள் என மூன்று தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரே பெண்ணை நீங்கள் மூவரும் வெவ்வேறு வயதில் பார்க்கிறீர்கள். ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரியாமலே போகிறது.

பருமனான பெண் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவள் காதில் விழுவது அநேகமாக இதுதான்: "வெயிட்டைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மிதமான எடைக்குறைப்பு மூலம் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைக்க முடிந்ததைக் காட்டியது. என் குறை, பேச்சு அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுவதுதான். எடை ஏன் ஏறியது, உடம்பில் எங்கே போய்ச் சேர்ந்தது, எந்த ஹார்மோன் அதைப் பிடித்துத் தள்ளுகிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

கழுத்தின் பின்புறம் கறுத்துப்போன பதின்வயதுப் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று நினைத்து அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தோல் எரிச்சல் எடுத்ததுதான் மிச்சம். ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி இருக்கிறது என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் அது. அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, முகத்தில் ரோமம் முளைக்கிறது. முகத்துக்கு ஒரு களிம்பு, மாதவிடாய்க்கு ஒரு மாத்திரை, எடைக்கு ஒரு கண்டிப்பு. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று நீங்கள் எழுதும் அந்த நிலையில், கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கவைக்கிறது. அதே இன்சுலின், கல்லீரல் தயாரிக்கும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தையும் குறைக்கிறது. ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைத்திருக்கும் புரதம் அது. அது குறைந்தால் ரத்தத்தில் தனித்து உலவும் டெஸ்டோஸ்டிரோன் கூடும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும், இன்சுலினுக்கு உடல் இன்னும் முரண்டு பிடிக்கும். சுற்றிச் சுற்றி வரும் இந்த வளையத்துக்குள் நிற்பவளைப் பார்த்து 'வாயைக் கட்டு' என்று மட்டும் சொல்வது அநியாயம். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இந்த நிலை இருக்கிறது, அவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதும் எடையும் எப்படி இருந்தாலும், கண்டுபிடித்தவுடன் சர்க்கரையைச் சோதித்து, பிறகு 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் சோதிக்கச் சொல்கிறது 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி. ஒல்லியான பெண்ணும் இதில் அடக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், மரபணு. சர்க்கரை நோய்க்கான மரபணுவைத் தேடிய ஆய்வாளர்கள் 2007-இல் எஃப்டிஓ என்ற மரபணுவைக் கண்டுகொண்டார்கள். அது சர்க்கரைக்கு வழிவிடுவது எடையைக் கூட்டுவதன் மூலம்தான் என்பதும் கூடவே தெரிந்தது. அதன் ஆபத்தான வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தெரியவந்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு வேறு வழியில் போகிறது. கணையம் இன்சுலின் சுரக்கும் திறனிலேயே அது கை வைக்கிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது கேஎல்எஃப்14. அம்மாவிடமிருந்து வரும் பிரதி மட்டுமே வேலை செய்யும் மரபணு அது. அதன் ஒரு வடிவம் பெண்களிடம் கொழுப்பு செல்களைப் பெரிதாக்கி, இடுப்பில் தங்க வேண்டிய கொழுப்பை வயிற்றுப் பக்கம் நகர்த்துகிறது. இடுப்பிலும் தொடையிலும் இருக்கும் கொழுப்பு ஓரளவு பாதுகாப்பு; வயிற்றுக்குள் குடலைச் சுற்றிய கொழுப்பு கல்லீரலைத் தொந்தரவு செய்வது. ஒரே எடையுள்ள இரண்டு பெண்களுக்கு ஒரே ஆபத்து இல்லை என்பது இதிலிருந்தே புரியும். எடை பார்க்கும் இயந்திரம் இதைச் சொல்லாது, ஒரு அளவு நாடா கொஞ்சமாவது சொல்லும். 'அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா, எந்த வயதில் வந்தது?' என்ற கேள்வியும் சொல்லும்.

கர்ப்பகாலச் சர்க்கரை பற்றித்தான் என் பெரிய ஆதங்கம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், குழந்தைக்குக் குளுக்கோஸ் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் ஈடுகொடுத்தால் சரி, முடியாவிட்டால் சர்க்கரை ஏறும். பிரசவமானதும் பெரும்பாலும் இறங்கிவிடும். 'போயிடுச்சு, கவலைப்படாதீங்க' என்று சொல்லி அனுப்புகிறீர்கள். ஆனால் இப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 முதல் 10 மடங்கு வரை அதிகம் என்று பெரிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன.

பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் செய்துகொள்ளப்போகும் பெண்ணின் காலை எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? இரவெல்லாம் தூக்கமில்லை. வெறும் வயிற்றோடு வர வேண்டும், திகட்டும் அந்தக் கரைசலைக் குடிக்க வேண்டும், குமட்டலோடு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், நடுவில் குழந்தை பசித்து அழும், பால் கொடுக்க மறைவான இடம் இருக்காது. வராமல் போகிறவளைப் பொறுப்பில்லாதவள் என்று குறித்துவைக்காதீர்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட அவள் எப்படியும் வருவாள். அதே நாளில் அதே இடத்தில் அவளுக்கும் சோதனை நடக்கட்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்துபோன பெண்களில், வாழ்க்கைமுறை மாற்றமும் சரி, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் சரி, நோய் வரும் வாய்ப்பைப் பாதியளவுக்குக் குறைத்தன என்று அதே நீரிழிவுத் தடுப்பு ஆய்வு காட்டியிருக்கிறது. தடுக்க வழி இருக்கும்போது தவறவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறையக் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'முன்பு சாப்பிட்டதைத்தான் சாப்பிடுகிறேன், வயிற்றுச் சுற்றளவு மட்டும் ஏறுகிறது' என்று சொல்லும் ஐம்பது வயதுப் பெண் பொய் சொல்லவில்லை.

பெரிய கருவிகள் எதையும் நான் கேட்கவில்லை. மரபணுச் சோதனையை எல்லோருக்கும் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வந்ததா, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா, அம்மாவுக்கு இருந்ததா என்று எல்லாப் பெண்களிடமும் கேட்டு, பதிலைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மகப்பேறு மருத்துவர்களே, பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில், கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது என்பதையும் அடுத்த சோதனைக்கான தேதியையும், அவளே படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதிக் கொடுங்கள். அடுத்து அவள் எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தச் சீட்டை எடுத்து நீட்டுவாள்.

இப்படிக்கு,
சர்க்கரை நோயோடு வாழும் ஒரு பெண்