ஆப்பில் ரூ. 1,999, வெப்சைட்டில் ரூ. 1,499: சொல்லாமல் மறைத்த விலை குறித்து ஒரு புகார்

அனுப்புநர்
சந்தாதாரர் ஒருவர்,
திண்டுக்கல்.

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
சந்தா மற்றும் கட்டணப் பிரிவு.

பொருள்: ஒரே ஆண்டுச் சந்தாவுக்கு ஐபோன் ஆப்பில் ரூ. 500 கூடுதலாக வாங்கியது, அதைச் சொல்லாமல் விட்டது, திருப்பிக் கேட்டபோது கைவிரித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஓடிடியில் இரண்டாவது ஆண்டாகச் சந்தா கட்டி வருகிறேன். பெரும்பாலும் பார்ப்பது என் அம்மாதான். சாயங்காலம் டிவியில் பழைய படங்கள், இடையிடையே சீரியல். பிளான் எடுத்தது என் ஐபோனில் உள்ள உங்கள் ஆப்பில். ஆண்டுக்கு ரூ. 1,999. போன வருடம் ஒரு முறை போயிற்று, இந்த வருடம் ஆட்டோ-பேயில் தானாக ஒரு முறை போயிற்று.

அதே பிளான் உங்கள் வெப்சைட்டில் ரூ. 1,499. அதே படங்கள், ஒரே நேரத்தில் அதே இரண்டு திரை, படத்தின் தெளிவிலும் மாற்றமில்லை. கரூரில் இருக்கும் என் அண்ணி லேப்டாப்பில் எடுத்திருக்கிறார். அவருக்கு வந்த பில்லையும் எனக்கு வந்த பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இந்த வித்தியாசமே எனக்குத் தெரிய வந்தது. இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆப்பில் பிளான் தேர்ந்தெடுக்கும் பக்கத்தை நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள். மாதச் சந்தா ரூ. 199 என்று மேலே இருக்கிறது. அதன் கீழே ஆண்டுச் சந்தா. ரூ. 2,388 என்று போட்டு, அதன் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் பெரிய எழுத்தில் ரூ. 1,999. அதன் தலையில் பச்சை நிறத்தில் 'சிறந்த சலுகை' என்று ஒரு பட்டை. இதைப் பார்க்கிற யாரும் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் மிச்சம் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் நீங்கள் விற்கும் விலைகளிலேயே அதிகமான ஆண்டு விலை அதுதான். சலுகை என்ற வார்த்தையை அங்கே போட யார் உங்களைக் கட்டாயப்படுத்தினார்கள்? எந்த ஆப் ஸ்டோர் விதியும் அதைக் கேட்கவில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உறுத்துவது அந்தப் பச்சைப் பட்டைதான்.

கஸ்டமர் கேர் சாட்டில் கேட்டேன். ஆப் வழியாக எடுத்த சந்தாவுக்குப் பில் போடுவது ஆப் ஸ்டோர், அதனால் தங்களால் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். சரி, பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், மிச்ச மாதங்களை வெப்சைட் பிளானுக்கு மாற்றித் தாருங்கள் என்றேன். அதுவும் முடியாது, இந்த ஆண்டு முடிந்த பிறகு புதிதாக எடுங்கள் என்றார்கள். விலையை முடிவு செய்தது யார் என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஆப் ஸ்டோரில் விலையை முடிவு செய்வது ஆப்பை வைத்திருக்கும் நிறுவனம்தான். ரூ. 1,999 என்பது நீங்கள் வைத்த விலை.

ஆப் ஸ்டோர்கள் எடுக்கும் கமிஷன் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிள் 2008இல் ஆப் ஸ்டோரைத் திறந்த நாளிலிருந்தே, ஆப் வழியாக வரும் பணத்தில் பொதுவாக 30 சதவீதத்தைத் தன் பங்காக எடுக்கிறது. கூகுள் பிளேயும் அதே வழியில் வந்ததுதான். அது அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். பாட்டுக் கேட்கும் ஆப்பான ஸ்பாட்டிஃபை ஐரோப்பிய ஆணையத்தில் கொடுத்த புகாரில்தான் 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விழுந்தது. வெளியே குறைந்த விலையில் சந்தா கிடைக்கும் என்பதை ஆப்புக்குள் சொல்லவிடாமல் தடுத்ததுதான் அந்த வழக்கின் மையம். நம் நாட்டில் இந்தியப் போட்டி ஆணையம் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ. 936.44 கோடி அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் 2025இல் அது ரூ. 216.69 கோடியாகக் குறைந்தது. சென்னையில் இருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனி இந்தக் கமிஷனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும், 2024 மார்ச்சில் அவர்கள் ஆப்கள் பிளே ஸ்டோரிலிருந்தே தூக்கப்பட்டு, மத்திய அரசு தலையிட்ட பிறகு திரும்பி வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே உங்களுக்கும் அந்தக் கடைகளுக்கும் நடுவே ஒரு நிஜமான சண்டை இருக்கிறது. அதில் நியாயம் உங்கள் பக்கமும் இருக்கலாம். ஆனால் அந்தச் சண்டையின் செலவை என் தலையில் கட்டும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் புகார்.

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது தினசரி வேலை. அதனால் உங்கள் விலையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரூ. 1,999இல் 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய ரூ. 1,694. அதில் 30 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் ரூ. 508. உங்கள் கைக்கு ரூ. 1,186. வெப்சைட்டில் வாங்கும் ரூ. 1,499இல் வரி போக ரூ. 1,270 உங்களுக்கு. பேமென்ட் கேட்வேக்குக் கொஞ்சம் போகும், அதை விடுங்கள். ஆக முதல் வருடம் என்னிடம் ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கியும் உங்களுக்கு ஏறத்தாழ ரூ. 84 குறைவுதான். இதுவரை உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது.

இரண்டாவது வருடத்துக்கு வாருங்கள். ஒரு சந்தாதாரர் ஓராண்டு விடாமல் தொடர்ந்தால் அப்புறம் கமிஷன் 15 சதவீதம்தான் என்று ஆப்பிள் 2016இலேயே அறிவித்துவிட்டது. அப்படியானால் இந்த வருடம் என் சந்தாவில் கமிஷன் ரூ. 254. உங்கள் கைக்கு வந்தது ரூ. 1,440. வெப்சைட்டில் கட்டும் என் அண்ணியிடமிருந்து கிடைப்பதைவிட ரூ. 170 அதிகம். கமிஷன் பாதியானது, என் விலை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. இடையில், நான் கூடுதலாகக் கொடுத்த ஐந்நூறில் ரூ. 76 ஜிஎஸ்டியாகவே போயிருக்கிறது. இல்லாத ஒரு செலவுக்கு அரசாங்கத்துக்கும் சேர்த்து வரி கட்டியிருக்கிறேன்.

என் தங்கையின் ஆண்ட்ராய்டு போனிலும் உங்கள் ஆப் ரூ. 1,999 என்றுதான் காட்டுகிறது. கூகுள் பிளேயில் சந்தாக்களுக்கு 2022 ஜனவரி முதல், முதல் நாளிலிருந்தே கமிஷன் 15 சதவீதம். அதோடு இந்தியாவில் உங்கள் சொந்தக் கட்டண முறையையும் பக்கத்திலேயே வைக்கலாம். வாடிக்கையாளர் அதைத் தேர்ந்தெடுத்தால் கமிஷன் இன்னும் 4 சதவீதப் புள்ளி இறங்கும். இவ்வளவு இடம் இருந்தும் 30 சதவீதக் கணக்கிலேயே எல்லாரிடமும் வாங்குகிறீர்கள். இதைக் கமிஷன் என்று சொல்ல முடியாது. குளிர்பானத்துக்கு எம்ஆர்பி மேல் 'கூலிங் சார்ஜ்' வாங்கும் கடைக்காரர்கூட அதை வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்குகிறார்.

ஆப்புக்குள் சொல்ல விதி இடம் தரவில்லை என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அமெரிக்காவில் எபிக் கேம்ஸ் என்ற கேம் நிறுவனம் ஆப்பிள் மேல் போட்ட வழக்கில், வெளியே பணம் கட்டும் வழியை ஆப்புக்குள் காட்டுவதைத் தடுக்கக் கூடாது என்று 2025 ஏப்ரலில் நீதிமன்றம் கடுமையான உத்தரவு போட்டது, அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்பதும் தெரியும். ஆனால் ஆப்புக்கு வெளியே சொல்லலாமே. வாடிக்கையாளருக்கு இமெயில் அனுப்பி வேறு கட்டண வழிகளைச் சொல்லலாம் என்று ஆப்பிளே 2021இல் ஒரு சமரசத்தில் ஒப்புக்கொண்டு, தன் விதிகளையும் அதற்கேற்ப மாற்றியது. கூகுளும் அதைத் தடுப்பதில்லை. ஸ்பாட்டிஃபை அதற்கும் வெகு முன்பே, 2015இல், ஐபோன் சந்தாதாரர்களுக்கு மெயில் போட்டது. ஆப்பில் கட்டும் 12.99 டாலரை நிறுத்திவிட்டு வெப்சைட்டில் 9.99 டாலருக்கு எடுங்கள் என்று படிப்படியாக வழியும் சொன்னது. நெட்ஃபிளிக்ஸ் 2018 கடைசியில் ஐபோன் ஆப்பில் புதிய சந்தா வாங்குவதையே நிறுத்திவிட்டது. அந்த நிறுவனங்கள் எடுத்த வழிகள் உங்களுக்கும் திறந்தேதான் இருக்கின்றன.

நீங்கள் எனக்கு மெயில் அனுப்பாமல் இல்லை. புதுப்படம் வந்தால் மெயில், கிரிக்கெட் தொடர் ஆரம்பித்தால் மெயில், பண்டிகைக்கு வாழ்த்து மெயில். என் இன்பாக்ஸில் உங்கள் பெயரைத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. அத்தனையிலும் தேடிப் பார்த்தேன். ஆண்டுச் சந்தா வெப்சைட்டில் ரூ. 500 குறைவு என்று ஒரே ஒரு வரிகூட இல்லை. புதுப்பிக்கும் தேதிக்கு முன்னால் அந்த வரி வந்திருந்தால் ஆட்டோ-பேயை ரத்து செய்துவிட்டு வெப்சைட்டில் எடுத்திருப்பேன். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு எனக்கு அறிவிப்பு வந்தது உண்மைதான். அதில் தொகை இருந்தது. இதே சந்தா வேறு எங்கோ குறைந்த விலையில் கிடைக்கிறது என்று வங்கி எப்படிச் சொல்லும்? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

ஐந்நூறு ரூபாய் உங்கள் கணக்கில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு மாதத்து பால் செலவில் ஒரு பகுதி. அதற்கு மேலாக, இதே ஆப்பில் இதே பச்சைப் பட்டையை நம்பிப் பணம் கட்டியவர்களில் பாதிப் பேர் போனில் ஆப்பைத் தவிர வெப்சைட் பக்கமே போகாதவர்களாகத்தான் இருப்பார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிச் சில வீடுகள் உண்டு. லேப்டாப் இருக்கிற வீட்டுக்கு ஒரு விலை, போன் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை என்று ஆகிவிடுகிறது. நீங்கள் அப்படித் திட்டம் போட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. நடப்பது அதுதான்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், நியாயமில்லாத விலை வைத்து லாபம் பார்க்கக் கூடாது என்றும், ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கின்றன. வாடிக்கையாளரைக் குழப்பி வாங்கவைக்கும் திரை உத்திகளைத் தடுக்க 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளும் கொண்டுவந்திருக்கிறது. கோடு கிழித்த விலையும் 'சிறந்த சலுகை' பட்டையும் அந்த வரையறைக்குள் வருமா என்பதை உங்கள் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த ஆண்டுக்கான ரூ. 500ஐத் திருப்பித் தாருங்கள். ஆப் ஸ்டோர் வழியாக முடியாது என்றால் என் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம், அல்லது அதற்கு ஈடாக நான்கு மாதம் சந்தாவை நீட்டித்துத் தரலாம். போன வருடத்து ஐந்நூறை நான் கேட்கவில்லை. அதில் கமிஷன் உண்மையாகவே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், அடுத்த புதுப்பித்தலை வெப்சைட் விலைக்கு மாற்றும்போது அம்மாவின் புரொஃபைல், பாதியில் நிறுத்திய படங்கள், சேமித்து வைத்த பட்டியல் எதுவும் அழியாமல் அதே கணக்கில் தொடர வழி செய்யுங்கள். ஆப் வழியாகச் சந்தா எடுத்த எல்லோருக்கும் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே வெப்சைட் விலையை மெயிலில் தெரியப்படுத்துங்கள். அந்தப் பச்சைப் பட்டையை எடுத்துவிடுங்கள். கூடுதல் விலை வைக்கத்தான் வேண்டும் என்றால் வையுங்கள், சலுகை என்று மட்டும் எழுதாதீர்கள்.

மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சாட்டில் வந்த அந்த ஒற்றை வரியையே மறுபடி அனுப்ப வேண்டாம். விலையை முடிவு செய்யும் அதிகாரம் உள்ள ஒருவரிடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரூ. 5 லட்சம் வரையிலான மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
திண்டுக்கல்.

இணைப்பு: இரண்டு ஆண்டு ஆப் பில்கள், அண்ணியின் வெப்சைட் பில், ஆப்பின் பிளான் பக்க ஸ்கிரீன்ஷாட், கஸ்டமர் கேர் சாட் பதிவு.