இளவரசி எங்கே, தாத்தா?

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
தை கடைசி.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்துப் பன்னிரண்டு நாளாகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து இப்போது மாடிப்படி ஏறுகிறாய் என்கிற வரியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அவராவது ஏறுறாரு, நீங்க கீழயே உக்காந்திருக்கீங்க" என்று எனக்கே திருப்பிவிட்டாள் உன் தங்கச்சி. ஓசூர் குளிர் ஒத்துக்கொள்கிறதா? பேத்தி தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிறாள் என்று எழுதியிருந்தாய். நல்லதுதான், நம் இரண்டு பேருக்கும் ஒரே மொழியை வைத்துக்கொண்டே முதலாளியிடம் சம்பள பாக்கி கேட்கத் தெரியவில்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை. சிரிக்காதே. அறுபத்து நாலு வயதில் எனக்கு வேலை கொடுக்க ஒருவர் கிடைத்திருக்கிறார். ஈசிஆர் பக்கம் சின்னதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா வரப்போகிறது. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் வெளியிலிருந்து வாங்கி வைக்கிறார்கள். ஒன்று மட்டும் இங்கேயே செய்ய வேண்டுமாம். டார்க் ரைடு. இருட்டுக்குள் வண்டி ஓடும், வளைவுக்கு வளைவு ஒரு காட்சி தெரியும். "நீங்க பேய் வீடு செஞ்சவராமே" என்று கேட்டார்கள். 1984இல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நீயும் நானும் கட்டிய அந்தத் தகரக் கொட்டகையைத்தான் சொல்கிறார்கள்! யார் சொன்னார்களோ. எலும்புக்கூட்டின் விரலை தினம் ஒருத்தன் உடைத்துக்கொண்டு போக, நான் தினம் புது விரல் செய்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

ஆனால் இவர்களுக்குப் பேய் வேண்டாம். பழைய கார்ட்டூன் படங்களில் வந்த தேவதைக் கதைகள் வேண்டும். ஸ்னோ ஒயிட், சின்ட்ரெல்லா, தூங்கும் அழகி, மூன்றும் இரண்டரை நிமிஷத்தில். நான் ஒன்றே ஒன்று போதும் என்றேன். ஒரு வாரம் இழுத்து, ஸ்னோ ஒயிட்டில் வந்து நின்றது. அதிலும் 1937 படத்தில் வந்த அதே மஞ்சள் பாவாடை, அதே சிவப்பு ரிப்பன் வேண்டுமாம். அது படக் கம்பெனியின் சொத்து, கை வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். கதை மட்டும் ஊர்ச் சொத்து என்று புரியவைத்தேன். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட கதையில் குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல வரும் ராணியும் ஆப்பிளோடு மட்டும் வருவதில்லை. முதலில் இடுப்புக் கயிறு, அப்புறம் விஷச் சீப்பு, கடைசியாகத்தான் ஆப்பிள். படத்தில் ஆப்பிள் ஒன்று மிஞ்சியது, நானும் அதையே எடுத்துக்கொண்டேன். இரண்டரை நிமிஷத்தில் மூன்று தடவை சாகடிக்க நேரம் இல்லை.

நாம் அன்றைக்குச் செய்ததற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது, தெரியுமா? 1928 வாக்கில் நியூஜெர்சியில் லியோன் கேசிடி என்பவர் ஒற்றைத் தண்டவாளத்தில் மின்சார வண்டியை இருட்டுக்குள் வளைத்து வளைத்து ஓடவிட்டார். ஏறி இறங்கிய ஒருத்தர் "ப்ரெட்ஸல் மாதிரி முறுக்கிவிட்டார்கள்" என்று சொல்ல, அதுவே கம்பெனிப் பெயராகிவிட்டதாம். ப்ரெட்ஸல் என்பது அந்த ஊர் முறுக்கு. பண்ருட்டியில் பிறந்திருந்தால் முறுக்கு வண்டி என்றே போர்டு வைத்திருப்போம்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ஸ்னோ ஒயிட் ரைடு இருந்தது. உள்ளே குள்ளர்கள் உண்டு, காடு உண்டு, ராணி உண்டு, அவளே வேஷம் போட்டு வரும் கிழவி உண்டு. ஸ்னோ ஒயிட் மட்டும் இல்லை! மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதே. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்னோ ஒயிட் என்பது அவர்கள் கணக்கு. கிழவி உன்னைத்தான் துரத்துகிறாள், மரம் உன்னைத்தான் பிடிக்க வருகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் ஜனங்கள் வெளியே வந்து "அந்தப் பெண் எங்கே?" என்றுதான் கேட்டார்களாம். யாருக்கும் புரியவில்லை. 1983இல் அந்த இடத்தை முழுக்கத் திருப்பிக் கட்டியபோது ஸ்னோ ஒயிட்டை உள்ளே வைத்துவிட்டார்கள்.

அந்த 1983 ரைடில் கிழவி நீட்டுகிற ஆப்பிளை ஜனங்கள் எட்டிப் பறித்துக்கொண்டே போனார்களாம். கடைசியில் குழிந்த கண்ணாடியை வைத்து, ஆப்பிள் இருப்பது போலத் தோன்ற மட்டும் வைத்தார்கள். கை போட்டால் காற்று. நமக்கு அன்றைக்கு இந்த யோசனை வந்திருந்தால் எத்தனை விரல் மிச்சமாகியிருக்கும்.

நானும் பிள்ளையையே இளவரசியாக்குவது என்றுதான் வரைந்தேன். அமெரிக்காவில் புரியாதது முத்தியால்பேட்டையில் புரியும் என்கிற திமிர்தான். தட்டாஞ்சாவடியில் ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்து, சுவரில் கறுப்புத் துணி கட்டி, பிளைவுட்டில் நாலு காட்சி வெட்டி நிறுத்தினோம். தண்டவாளம் இருபது மீட்டர் மட்டும். மோட்டார் வரவில்லை, வண்டியைக் கையால்தான் தள்ள வேண்டும். தெருப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டி வந்தேன்.

அன்று நடந்த கூத்தைக் கேள். உள்ளே யூவி, அதாவது புற ஊதா விளக்கு மட்டும். பெயிண்டெல்லாம் பகலில் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி செத்துக் கிடக்கும், யூவி விழுந்ததும் பச்சையும் ஆரஞ்சும் எரியும். காடு அருமையாக வந்திருந்தது. கிழவி வருகிற திருப்பத்தில் எலக்ட்ரீஷியன் பையன் குனிந்து பிளக் மாட்டிக்கொண்டிருந்தான். அன்று வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறான். புதிதாகத் துவைத்த வெள்ளை வேட்டி. சோப்புத் தூளில் வெண்மைக்கு என்று ஏதோ சேர்க்கிறார்களே, அது யூவியில் நீலமாக ஜொலிக்கும். ஆள் தெரியவில்லை, முகம் தெரியவில்லை, காட்டுக்கு நடுவில் ஒரு வேட்டி மட்டும் உட்கார்ந்து எழுந்து நடக்கிறது. முன் வண்டிப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துக் குடோன்காரர் ஓடிவந்துவிட்டார். நாலு மாதம் உட்கார்ந்து நான் வரைந்த கிழவியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்று ஒழுங்காக நடந்தது. முடிந்து வெளியே வந்ததும் ஆறு வயதுப் பெண் ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இளவரசி எங்க, தாத்தா?" என்றாள். "நீதாம்மா இளவரசி" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், பொய் சொல்கிற பெரியவர்களைப் பார்க்கிற அதே பார்வை. எழுபது வருஷத்துக்கு முன்னால் அங்கே கேட்ட அதே கேள்வி. என் திமிர் அன்றோடு போயிற்று.

முதலாளிக்கு சந்தோஷம். "நான்தான் சொன்னேனே சார், எல்லா சீன்லயும் பொண்ணை வைங்க, செல்ஃபி எடுப்பாங்க" என்றார். எல்லாக் காட்சியிலும் அவள் நின்றால் அது ஜவுளிக்கடை வாசல் பொம்மை. கதை நடக்கிறதை வெளியிலிருந்து பார்ப்பதற்கு டிவி போதாதா, வண்டி எதற்கு?

பத்து நாள் இதே யோசனை. விடை தண்டவாளத்தில் கிடந்தது. கடைசித் திருப்பத்தில் இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் மட்டம் கொஞ்சம் பிசகு. வண்டி அங்கே வரும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு தூக்கு. இன்ஜினியர் தம்பி தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று கிரைண்டரை எடுத்துவிட்டான். நான் "நிறுத்து" என்று கத்திவிட்டேன். ஏனென்றால் அந்த நிமிஷம் கிரிம் கதையின் பிந்தைய பதிப்புகளில் வரும் முடிவு நினைவுக்கு வந்தது. படத்தில் இளவரசன் முத்தம் கொடுத்து எழுப்புகிறான். பழைய கதையில் முத்தமே இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கால் தடுக்கி இடறுகிறார்கள், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவள் எழுந்து உட்காருகிறாள்.

இப்போது புரிகிறதா? வண்டியில் இருக்கிற பிள்ளை இளவரசி இல்லை. அவளைத் தேடிப் போகிற ஆள். முதல் காட்சியில் அவள் இருப்பாள், கிணற்றடியில், முதுகைக் காட்டிக்கொண்டு. அடுத்த திருப்பத்தில் காணோம். காட்டில் ஒரு கிளையில் ரிப்பன் துண்டு. குள்ளர் வீட்டில் ஏழு தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குறைந்திருக்கும். அது கதையிலேயே உள்ளது. வந்து போயிருக்கிறாள் என்று தெரியும், ஆளைக் காணோம். கடைசியில் கண்ணாடிக்குள் படுத்திருக்கிறாள். வண்டி 'டக்' என்று தூக்கிப் போடுகிறது. விளக்கு மாறுகிறது, அவள் எழுகிறாள். யார் எழுப்பினார்கள்? நம் வண்டி. முத்தம் இல்லை என்றதும் முதலாளியும் தலையாட்டிவிட்டார், "ஃபேமிலி வர்ற இடம்" என்று. பெட்டி மட்டும் சவப்பெட்டி மாதிரி தெரியக் கூடாதாம். சரி, கண்ணாடிக் கட்டில் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ராணிக்கு நம் ஊர் வித்தை ஒன்று போட்டிருக்கிறேன். கூத்தில் ராஜா வருகிறபோது இரண்டு பேர் திரை பிடிப்பார்களே, கீழே சலங்கைக் கால் மட்டும், மேலே கிரீடத்து நுனி மட்டும் தெரியும். சின்ன வயதில் அந்தத் திரைக்குப் பயந்த அளவு துரியோதனனுக்கு நான் பயந்ததில்லை. ராணியையும் திரைக்குப் பின்னால் நிறுத்தியாயிற்று. கால் தெரியும், கிரீடம் தெரியும், குரல் கேட்கும். திரை விலகுகிற மாதிரி அசையும், விலகாது. வண்டி திரும்பிவிடும்.

கணக்கு இது. வண்டி நொடிக்கு 60 சென்டிமீட்டர், 150 நொடி, ஆக 90 மீட்டர் தண்டவாளம். இருபது நொடிக்கு ஒரு வண்டி விட்டால், வண்டிக்கு நாலு பேர் வீதம் மணிக்கு 720 பேர். முதலாளிக்கு இந்த 720 மேல் கண். எனக்கு இன்னொரு எண்தான் உயிர்: ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் 12 மீட்டர். முன் வண்டிக்காரரின் பின்மண்டை தெரிந்தால் காடு காடாக இருக்காது. அதனால் 12 மீட்டருக்குள் ஒரு திருப்பமாவது வேண்டும். சத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. ராணியின் சிரிப்பு குள்ளர் வீட்டுக்குள் ஒழுகுகிறது. 1964 நியூயார்க் கண்காட்சிக்காக டிஸ்னிகாரர்கள் ஒரு படகு ரைடு செய்தபோது, ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் அதன் தேசிய கீதத்தைப் பாட, ஒரே இரைச்சலாகிவிட்டதாம். கடைசியில் எல்லாப் பொம்மைக்கும் ஒரே பாட்டைக் கொடுத்துத் தப்பித்தார்கள். நானும் ஒரே மெட்டை வைத்து, காட்டில் புல்லாங்குழல், குள்ளர் வீட்டில் உடுக்கை என்று மாற்றிப் பார்க்கப்போகிறேன்.

பொம்மைகள் திருக்கனூர் காகிதக்கூழ் வேலை. புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. எடை கிடையாது, மோட்டாருக்கு வலிக்காது. ஆனால் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தபோது குடோனுக்குள் முழங்கால் தண்ணீர். ஏழு குள்ளரில் மூன்று பேர் ஊறிப்போய், காலையில் கதவைத் திறந்தால் இட்லி மாவு மாதிரி தரையில் பரவிக் கிடந்தார்கள். ஒருத்தரின் மூக்கு மட்டும் முழுசாக மிஞ்சியது, மேஜையில் வைத்திருக்கிறேன். 2011 தானே புயலில் உன் கொல்லைப் பலா மரம் விழுந்ததற்கு நீ அழுதாயே, அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். அந்தக் குலுக்கலும் விளக்கும் அரை நொடி கூடப் பிசகாமல் சேர வேண்டும். முன்னால் விளக்கு வந்தால் அவள் தானாகவே எழுந்தவள், பின்னால் வந்தால் கரண்ட் கோளாறு. தம்பிகள் சென்சார், புரோகிராம் என்று லேப்டாப்பில் ஏதோ தட்டுகிறார்கள், ஆள் எடைக்குத் தகுந்தபடி வண்டியின் வேகம் மாற, நேரம் தவறிப்போகிறது. அன்றைக்கு நீ சைக்கிள் பிரேக் கம்பியையும் ஒரு ஸ்பிரிங்கையும் வைத்துத் தண்டவாளத்தடியில் ஒரு சுவிட்ச் செய்தாயே, சக்கரம் ஏறினால் மண்டையோடு வாய் திறக்கும், எட்டு வருஷம் தவறவே இல்லை. அதைத் தம்பிகளிடம் படம் போட்டுக் காட்டினேன், எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. ஸ்பிரிங் மேலேயா கீழேயா?

எழுதி அனுப்புவதைவிட நேரில் வந்துவிடு. மாசி மகத்துக்கு வந்தால் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரியும் பார்த்துவிட்டுப் போகலாம், முட்டிக்கு மணலில் நடக்க முடியாவிட்டால் நாற்காலி போடுகிறேன். குடோனுக்கு வரும்போது மட்டும் தயவுசெய்து வெள்ளை வேட்டி வேண்டாம். லுங்கி கட்டிக்கொள்.

உன்,
கலியபெருமாள்