கையெழுத்தின் மேல் புது மை: 10 டாலர் நோட்டு குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பழைய பணத்தாள் ஏல நிறுவனம்.

பொருள்: 1902 வரிசை நேஷனல் பேங்க் நோட்டு – மறைக்கப்பட்ட திருத்த வேலை – பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா,

சென்ற மாத ஏலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலச் சிற்றூர் வங்கி ஒன்றின் 10 டாலர் நோட்டை 850 டாலருக்கு எடுத்தேன். அமெரிக்க அதிபராக இருந்த மெக்கின்லியின் படமும் நீல முத்திரையும் கொண்டது. "கழுவாத அசல் தாள், பேனாக் கையெழுத்துகள் தெளிவாக உள்ளன" என்று உங்கள் பட்டியல் சொன்னது. அதை நம்பித்தான் அவ்வளவு விலை கேட்டேன்.

உறையைப் பிரித்ததுமே சந்தேகம் வந்தது. செதுக்குத் தகட்டில் அச்சான நோட்டை விரலால் தடவினால் மையின் மேடு தட்டுப்பட வேண்டும். இதுவோ வழவழவென்று இருக்கிறது, கழுவி அழுத்தியிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை கையெழுத்து. காசாளர் பெயரின் குறுக்கே பழைய மடிப்பு ஒன்று ஓடுகிறது. அக்காலக் கையெழுத்தென்றால் மடிப்பில் மை உதிர்ந்து கோடு அறுபட்டிருக்கும். இங்கே கறுப்பு மை மடிப்புக்குள் இறங்கி ஊறியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், அதன் அடியில் மங்கிய பழுப்புக் கோடு இரண்டு இடங்களில் தெரிகிறது. அதுதான் அந்தக் காசாளர் போட்டது.

1863 முதல் 1935 வரை ஆயிரக்கணக்கான வங்கிகள் அரசுக் கடன்பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்து, நேஷனல் பேங்க் நோட்டு எனப்படும் இத்தகைய நோட்டுகளை வெளியிட்டன. 1902 வரிசையில் படமும் முத்திரையும் வாஷிங்டனில் அச்சானவை. நான்கு நோட்டுகள் கொண்ட முழுத்தாள் ஊர் வந்து சேர்ந்ததும், காசாளரும் தலைவரும் கையெழுத்திட்டு வெட்டிப் புழக்கத்தில் விடுவார்கள். 1929இல் வந்த சிறிய நோட்டுகளில் கையெழுத்தும் அச்சாகிவிட்டது. அந்த ஊர்க்காரரின் கை பட்ட தடத்துக்காகவே அதற்கு முந்தைய பெரிய நோட்டுகளைத் தேடி வாங்குகிறேன். அதன் மேல் வேறொருவர் எழுதிவிட்டார்.

நோட்டு வந்த மூன்றாம் நாளே தொலைபேசியில் முறையிட்டேன். "தெளிவான கையெழுத்தைத்தானே எல்லோரும் விரும்புகிறார்கள்" என்றார் உங்கள் ஊழியர். மங்கியது என்று உண்மையை எழுதியிருந்தால், அதற்குரிய விலையில் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன்.

850 டாலரையும் இருவழி அஞ்சல் செலவையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். நோட்டை மீண்டும் விற்பதானால், கழுவியதையும் கையெழுத்தின் மேல் எழுதியதையும் பட்டியலில் குறிப்பிடுங்கள். பெரிதாக்கி எடுத்த ஆறு படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஏலத்தில் நோட்டை எடுத்த வாடிக்கையாளர்