நாற்பத்து மூன்றாம் தெரு

அன்புள்ள பாப்பா,

மூன்று ஞாயிறாக நீ கூப்பிடவில்லை. போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சரி. சாப்பிடுகிறாயா? பின்வாசல் முருங்கை பூத்திருக்கிறது. வேறு செய்தி இல்லை.

உன் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் போலீஸைப் பற்றிய ஆய்வு ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி தேடி எடுத்துப் படித்துச் சொன்னான். பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் போலீஸ். 30-ஆம் தெரு முதல் 43-ஆம் தெரு வரை ரோந்து. பிலடெல்பியா நகரப் போலீஸ் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் வரும். இவர்கள் உள்பக்கத்திற்கு மட்டும் கூடுதல். கோட்டை ஒட்டி உள்ளே இருக்கும் தெருக்களையும் வெளியே இருப்பவற்றையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே குற்றம் 45 முதல் 60 சதவீதம் வரை குறைவாம். இன்னொரு பெருநகரத்துப் பல்கலைக்கழகத்தில் ரோந்து எல்லையை விரித்தபோது உடனே ஒன்றும் குறையவில்லை, பலன் தாமதமாகத்தான் தெரிந்ததாம். எனக்கு ஆச்சரியமில்லை. போலீஸ் இன்றும் வரும், நாளையும் வரும் என்று திருடன் நம்புவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ரோந்து போனதற்குக் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தில் மூன்று இரவுக் கையெழுத்தை ஒரே இரவில் போட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

நீ இருப்பது 46-ஆம் தெரு.

இருட்டியபின் தனியாக நடக்காதே. பல்கலைக்கழகத்தில் கேட்டால் துணைக்கு நடந்து வருகிறார்களாமே, கேள். ஹெட் கான்ஸ்டபிள் மகளுக்கு எதற்குத் துணை என்று நினைப்பாய். உன் அம்மாவின் பிடிவாதம் அப்படியே உனக்கு. நம் தெருவிலிருந்து ஆராய்ச்சிக்குப் போன முதல் பெண் நீ என்று டீக்கடையில் நான் சொல்லாத நாளில்லை. உனக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை. இருட்டியபின் நடக்காதே.

நீ முதலில் பார்த்து வைத்தது 41-ஆம் தெரு வீடு. வாடகையைக் கேட்டதும், "நாலைந்து தெரு தள்ளிப் போனால் கால் தேய்ந்துவிடுமா?" என்றேன். 26 வருடம் இரவு ரோந்து போனவன் நான். தெரு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்றுதான் கேட்டேன். நீயும் பேசாமல் மாறிக்கொண்டாய்.

தபால் நிலைய வைப்பை முடித்துவிட்டேன். 43-க்கு உள்ளே வீடு பார்.

உன் போன் வந்த அட்டைப்பெட்டி என் அலமாரியில்தான் இருக்கிறது. போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் அதன் மேல் அச்சாகியிருக்கிறது. உடைந்த போனுக்கு அது தேவைப்படாது. இருந்தாலும் தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

அப்பா