மலைக் கல்லூரிகளுக்கு ஒரு பேண்டு: முதல்வர்களுக்குத் திறந்த மடல்

நீலகிரி மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், பாரதியார் பல்கலைக்கழக நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

நான் ராணுவ பேண்டில் கிளாரினெட் ஊதி ஓய்வு பெற்றவன். அருவங்காட்டில் குடியிருக்கிறேன். குடியரசு தினத்தன்று உதகை அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நடக்கும் அணிவகுப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு யோசனை வரும். மைதானம் கல்லூரியுடையது. என்.சி.சி. சீருடையில் விறைப்பாக நடக்கிற பிள்ளைகளும் கல்லூரியுடையவர்கள். அவர்கள் காலுக்குத் தாளம் கொடுக்கிறவர்களும் ஏன் அவர்களுடைய வகுப்புத் தோழர்களாக இருக்கக் கூடாது? உதகை, குன்னூர், கூடலூர் கல்லூரிகள் கூடி, பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரே ஒரு மாணவர் பேண்டை மலைக்கென்று தொடங்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ராணுவ பேண்டுக்காரன் கேட்கிறான் என்றதும், இன்னொரு ராணுவ பேண்டு வேண்டுமாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேண்டாம் என்பதுதான் என் கட்சி. காரணம், பல்கலைக்கழக பேண்டுகளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டப்படி நிலம் பெற்று எழுந்த கல்லூரிகள், விவசாயமும் பொறியியலும் கற்றுத் தருவதோடு ராணுவப் பயிற்சியும் தர வேண்டும் என்று விதி இருந்தது. டிரில் என்றால் டிரம் வேண்டுமே. இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1886இல் மாணவர் டிரில்லுக்காக ஐந்து டிரம்காரர்களோடு தொடங்கியதுதான் அங்குள்ள பேண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து பேண்டும் 1878இல் இப்படித்தான் பிறந்தது. ஆக, ஆரம்பத்தில் இவையெல்லாம் பட்டாளத்தின் நிழல்கள்.

பிறகு பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நிழலை விட்டு வெளியே வந்தார்கள். 1907இல் பர்டூ பேண்டு கால்பந்து மைதானத்தில் நேர்வரிசையைக் கலைத்து, தன் கல்லூரியின் முதலெழுத்தாக நின்று காட்டியது. 1936இல் ஒஹாயோ பேண்டு ஒருபடி மேலே போய், மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் நடந்துகொண்டே எழுதியது. அதில் ஐ என்ற எழுத்துக்குப் புள்ளி வைப்பதற்கென்று ஒரு சூசாஃபோன்காரர் தனியே நடந்து போய் நிற்பார். இன்றைக்கும் அந்தப் புள்ளியாக நிற்கத்தான் அங்கே போட்டி. உடம்பைச் சுற்றிக் கிடக்கும் அந்தப் பெரிய பித்தளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசான வேலை இல்லை.

எனக்கு இவற்றிலெல்லாம் அதிகம் பிடித்தது ஃப்ளோரிடாவின் கதை. ஃப்ளோரிடா ஏ அண்ட் எம், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம். 1946இல் அங்கே பேண்டு இயக்குநராக வந்த வில்லியம் ஃபாஸ்டர், முழங்காலை உயரத் தூக்கி நடக்கிற நடை, ஆட்டம், தங்கள் மக்கள் வீட்டில் கேட்கிற பாட்டு எல்லாவற்றையும் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு அணிவகுப்பில், பாரிஸ் வீதியில் அமெரிக்காவின் சார்பில் நடந்தது அந்த பேண்டுதான். பட்டாள நடையிலேயே நின்றிருந்தால் அவர்களை யார் கூப்பிட்டிருப்பார்கள்?

அதே பேண்டில் 2011இல் சக பேண்டுக்காரர்கள் நடத்திய ராகிங் கொடுமையில் ஒரு மாணவர் இறந்துபோனார். பேண்டு முடக்கப்பட்டு, 2013இல்தான் மறுபடி மைதானத்துக்கு வந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் விட முடியாது. பேண்டில் படிநிலை உண்டு. முன்வரிசை, பின்வரிசை, பழையவர், புதியவர், கோல் பிடிக்கும் டிரம் மேஜர். பட்டாளத்தில் அதற்குச் சட்டமும் மேலதிகாரியும் இருக்கிறார்கள். கல்லூரியில் அந்தப் படிநிலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர்கள் விலகிக்கொண்டால் அது ராகிங்காக மாறும். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்க 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகைக் கூடத்தில் சட்டம் வந்து நிற்காது. ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். அப்படி நிற்க ஆள் இல்லாத கல்லூரி பேண்டு தொடங்காமல் இருப்பதே மேல்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒஹாயோ பேண்டில் 1973 வரை பெண்களுக்கு இடம் இல்லை. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் சட்டம் வந்த பிறகே கதவு திறந்தது. குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரியும் உதகை எமரால்டு ஹைட்ஸ் மகளிர் கல்லூரியும் இருக்கிற மலையில், முதல் நாளிலேயே பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். கொடி பிடிக்க மட்டும் அவர்களை நிறுத்தாதீர்கள். டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவியையும் பெரிய டிரம்மையும் கொடுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று யாராவது ஒரு பேராசிரியர் கேட்பார். அவரிடம் தஞ்சாவூரைச் சொல்லுங்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 முதல் 1832 வரை) அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்டு அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டு ஸ்வரம் என்று இன்றைக்கும் பாட்டு வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது அதைத்தான். பேண்டில் வந்த கிளாரினெட், கச்சேரி மேடை வரைக்கும் போனது. எங்கள் வாத்தியம் இங்கே விருந்தாளி இல்லை ஐயா, சம்பந்தியாகி இருநூறு வருஷம் ஆகிறது.

இனி மலைக்கே உரிய சங்கடங்கள். வாத்தியம் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஜனவரி காலையில் உதகையில் உறைபனி விழுகிறது. காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், பூஜ்யத்தில் 331. அதனால் ஊதுகருவிகள் எல்லாம் சுருதி இறங்கும். கையில் பிடித்துக் கோலால் தட்டி வாசிக்கும் பெல் லைராவின் உலோகப் பட்டைகளோ குளிரில் இம்மியளவு சுருதி ஏறும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் காது கூசும். வாசிக்கும் முன் பத்து நிமிஷமாவது ஊதி, கருவியைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மேடைப் பேச்சு நீளும்போது பேண்டைச் சும்மா நிறுத்தி வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். சிறப்பு விருந்தினர்களின் பேச்சைச் சுருக்க இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

மர கிளாரினெட் அழகு, ஆனால் குளிரில் சூடான மூச்சு பட்டால் விரிசல் விடும். மாணவர்களுக்கு பிளாஸ்டிக்கே போதும். டிரம்முக்குத் தோல் வேண்டாம், மூடுபனியில் தொய்ந்துபோகும்; பாலியெஸ்டர் முகப்பு வாங்குங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகத் தணிந்திருக்கும். உதகையிலேயே வளர்ந்தவருக்கு அது ஒரு பொருட்டில்லை. கூடலூரிலிருந்து ஏறி வருகிற பிள்ளைக்கு முதல் வாரம் மூச்சு வாங்கும், அதட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மலையின் அடையாளம் வேண்டும் என்று கோத்தர்களின் குழலையும் கொம்பையும் தம்பட்டையையும் கொண்டுவந்து சீருடை மாட்டி நடக்கவிடும் ஆசை யாருக்காவது வரலாம். வேண்டாம். அந்த இசை அவர்கள் சாமிக்கும் சாவுக்கும் உரியது. அதற்கு நேரமும் முறையும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் படுகர், கோத்தர், இருளர் வீடுகளிலிருந்து வருகிறார்கள். எந்த மெட்டை மைதானத்துக்குக் கொண்டுவரலாம், எதைக் கூடாது என்பதை அவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடி நீங்கள் மலை இறங்க வேண்டியதில்லை. ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் 1947இல் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு வந்தது. பேண்டில் வாசித்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள் குன்னூர் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம். பலருக்கு நோட்டு, அதாவது மேல்நாட்டு இசைக்குறிப்பு, படிக்கவும் தெரியும், படிப்பிக்கவும் தெரியும். பட்டாள வழக்கத்தில் கத்தாமல் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்கு நீங்கள்தான் நிபந்தனை போட வேண்டும்.

முப்பது பேர் போதும். சேர்க்கை முடிந்ததும் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அந்த மாதங்கள் கூடத்துக்குள் நோட்டு படிக்கவும் உதடு பழகவும் சரியாக இருக்கும். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு மைதானத்தில் இறங்கலாம். முதல் வருஷமே குடியரசு தினத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். பேண்டு வாத்தியங்கள் செய்யும் வடநாட்டு மீரட்டிலிருந்து வாத்தியம் வரவழைக்க டெண்டர் விடும் முன், அந்தப் பட்டியலை எங்களில் யாராவது ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பளபளப்பைப் பார்த்து வாங்கிய டிரம்பெட்டின் வால்வு ஆறே மாதத்தில் சிக்கிக்கொண்டால், பழுது பார்க்கக் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளாரினெட்காரன்,
அருவங்காடு